ஏலக்காய்க்கு ஏமாறாத மூச்சு

கல்யாணத்துக்கு முந்தின இரவு. திருச்சியில் ஒரு மண்டபத்தின் மொட்டை மாடி. கீழே வரவேற்பு முடிந்து கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. கடை பத்து மணிக்கு மூடிவிடும் என்று மாமா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த குவார்ட்டர், பதினோரு மணிக்குத் திறந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஜங்ஷனுக்குப் போய், ரயிலில் வரும் சம்பந்தி வீட்டாரைக் காரில் அழைத்துவரும் பொறுப்பும் அவருடையதுதான்.

"மாமா, காலையில வண்டி எடுக்கணுமே?"

"அட போ மாப்ளே. முழுசா ஆறு மணி நேரம் இருக்கு. ஒரு தூக்கம், ஒரு சொம்பு மோர், தலைக்கு ரெண்டு வாளி தண்ணி. தெளிஞ்சிடும். அப்படியே போலீஸ் ஊதச் சொன்னாலும் ரெண்டு ஏலக்காய் போதும்."

மாமா சொன்னதில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்று, ஏலக்காய் கருவியை ஏமாற்றும். இன்னொன்று, தூக்கமும் மோரும் போதையைக் கரைக்கும். இரண்டையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் புதிர் இது. குடித்தது வயிற்றுக்குள் போகிறது. ஊதும் காற்று நுரையீரலிலிருந்து வருகிறது. உணவுக் குழாய் வேறு, மூச்சுக் குழாய் வேறு. அப்படியிருக்க, வயிற்றுக்குள் போன சரக்கைப் பற்றி மூச்சுக்கு எப்படித் தெரியும்?

சோறும் பருப்பும் செரித்த பிறகே உடம்பில் சேரும். சாராயத்தின் சாரமான எத்தனாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நீரில் கலக்கும், கொழுப்பையும் ஊடுருவும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரைப்பைச் சுவர் வழியாகவும், மீதி சிறுகுடல் வழியாகவும் அப்படியே இரத்தத்தில் இறங்கிவிடும். "சைடு டிஷ் சாப்பிட்டா ஏறாது" என்பது பாதி உண்மை. வயிற்றில் உணவு இருந்தால் இரைப்பையின் வாசல் மெதுவாகத் திறக்கும். எத்தனால் சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும், உச்ச அளவும் சற்றுக் குறையும். ஆனால் ஏறாமல் போகாது.

இரத்தத்தில் கலந்தது இதயத்துக்கு வருகிறது, இதயம் அதை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலுக்குள் சுமார் 30 கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மிகச் சின்னக் காற்றுப் பை. அதைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள சுவர், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனாலோ எளிதில் ஆவியாகும் பொருள். அது அந்தச் சுவரைத் தாண்டிக் காற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது.

எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அடுக்களையில் காபி கலக்கும்போது கவனியுங்கள். டிகாஷன் திக்காக இருந்தால் மணம் கூடத்துக்கே வரும். தண்ணீராக இருந்தால் டபராவுக்குள் மூக்கை நுழைத்தால்தான் தெரியும். சூடு ஒன்றாக இருக்கும்வரை, திரவத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறதோ அதற்கேற்ற அளவில்தான் மேலே உள்ள காற்றிலும் அது இருக்கும். இந்த உறவை 1803-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி வகுத்துச் சொன்னார். ஹென்றி விதி என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். நம் உடம்பின் சூடு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே நுண்ணறைக் காற்றை அளந்தால் இரத்தத்தை அளந்ததுபோல.

அந்த விகிதம் ஏறத்தாழ 2,100-க்கு 1. அதாவது ஒரு மில்லி இரத்தத்தில் எவ்வளவு எத்தனால் இருக்கிறதோ, அவ்வளவும் 2,100 மில்லி மூச்சுக்காற்றில் பரவியிருக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் எத்தனால் இருந்தால் குற்றம் என்கிறது. 30 மில்லிகிராம் என்பது ஓரிரு அரிசி மணிகளின் எடை. இரத்தத்தில் அது ஒரு சின்ன டம்ளருக்குள் இருக்கிறது. மூச்சிலோ அதே அரிசி மணி, வாசலில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிற ட்ரம் இருக்கிறதே, அந்த ட்ரம் நிறையக் காற்றில் கரைந்து கிடக்கிறது. அதைத்தான் கருவி கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததல்ல. குடித்ததில் ஒரு சிறு பங்கு மூச்சு வழியாக வெளியேறுகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்டி 1874-இலேயே காட்டினார். 1927-இல் அமெரிக்க மருத்துவர் எமில் போகன், ஆட்களைக் கால்பந்தின் உள்பையில் ஊதச் சொன்னார். அந்தக் காற்றை டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலுக்குள் செலுத்தினார். ஆரஞ்சு நிறக் கரைசல் எத்தனால் பட்டதும் பச்சையை நோக்கி மாறும். நிறம் எவ்வளவு மாறுகிறது என்பதே அளவு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரோலா ஹார்கர், பலூனில் ஊதவைத்துச் சோதிக்கும் ஒரு கருவியைச் செய்தார். 1938-இன் கடைசி நாள் இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது இண்டியானாபொலிஸ் நகரக் காவலர்கள் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். 1954-இல் அதே மாநிலக் காவல்துறையின் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை, ஒளிமின்கலமே அளந்து சொல்லிவிடும்.

இன்று போக்குவரத்துக் காவலர் கையில் இருக்கும் 'ப்ரீத் அனலைசர்' பெரும்பாலும் வேறு வகை. அதற்குள் நிறமாறும் கரைசல் கிடையாது. ஓர் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. எரிபொருளைக் கொளுத்தாமலே, வேதிமாற்றத்தால் மின்சாரம் எடுக்கும் கலம் அது. இங்கே எரிபொருள், ஊதுகிறவரின் மூச்சில் இருக்கும் எத்தனால்.

இந்த வேதிமாற்றம் நம் ஊருக்குப் புதிதல்ல. பனங்கள்ளை இரண்டு நாள் வைத்திருந்தால் புளித்துக் காடியாகும். கள்ளில் இருக்கும் எத்தனாலை நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன. அதுதான் காடியின் புளிப்பு. கருவிக்குள் இருக்கும் பிளாட்டினத் தகடு அதே வேலையை நொடிகளில் செய்கிறது. எத்தனால் மூலக்கூறு காடியாக மாறும்போது எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. உதிர்ந்தவை கம்பி வழியே மின்னோட்டமாக ஓடுகின்றன. ஓடியதை எண்ணினால் எத்தனை மூலக்கூறு வந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது ஏலக்காய்க்கு வருவோம். கருவி வாடை பிடிப்பதில்லை. அது எலக்ட்ரானை எண்ணுகிறது. ஏலக்காயும் சோம்பும் ஹால்ஸும் காவலரின் மூக்கை வேண்டுமானால் குழப்பும். நுண்ணறைக் காற்றில் உள்ள எத்தனாலை அவை தொடக்கூட முடியாது. "நிறுத்தாம ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று காவலர் விடாமல் சொல்வதும் இதற்காகத்தான். முதலில் வருவது வாயிலும் மூச்சுக் குழாயிலும் தேங்கிய காற்று. இரத்தத்தைத் தொட்டுவிட்டு வரும் ஆழ்காற்று கடைசியில்தான் வரும். கருவிக்கு வேண்டியது அது.

கருவியும் குறையற்றதல்ல. சாராயம் சேர்ந்த வாய் கழுவும் திரவத்தால் கொப்பளித்த கையோடு ஊதினால் எண் எகிறும். அதனால்தான் 15 நிமிடம் காக்கவைத்து மறுபடி ஊதச் சொல்வது முறை. மலிவான குறைகடத்திக் கருவிகள் வேறு ஆவிகளையும் எத்தனால் என்று தவறாக எண்ணக்கூடும். 2,100 என்ற விகிதமும் ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஆனால் பலரை அளந்து பார்த்ததில் சராசரி சுமார் 2,300-க்கு 1 என்றே வருகிறது. ஆகவே 2,100 என்று வைத்துக் கணக்குப் போடும் கருவி பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே சொல்கிறது. சந்தேகத்தின் பலன் ஊதுகிறவருக்குத்தான்.

ஏலக்காய் தோற்றது. இனி மோரும் குளியலும்.

மாமாவின் குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் எத்தனால் 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் எத்தனால். மாமாவின் எடை 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எத்தனால் உடம்பில் நீர் இருக்கும் இடமெல்லாம் பரவும், எலும்பிலும் கொழுப்பிலும் அதிகம் சேராது. ஆகவே அது பரவ அவருக்கு 44 கிலோ அளவுக்கு இடம் உண்டு. அதே எடையுள்ள பெண் என்றால் கொழுப்பு சற்று அதிகம், நீர் குறைவு. ஒரே அளவு குடித்தாலும் இரத்தத்தில் அளவு கூடும். மாமாவுக்கு இது 100 மில்லி இரத்தத்துக்கு ஏறத்தாழ 135 மில்லிகிராம் என்று வருகிறது. சட்ட எல்லையைப் போல நாலரை மடங்கு. 'ஒரு கட்டிங்தானே' என்று பாதிக் குவார்ட்டர் அடிப்பவரும் எல்லையின் இரண்டு மடங்கைத் தாண்டியிருப்பார்.

இந்தக் கணக்கு முறையை உருவாக்கியவர் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் விட்மார்க். சில சொட்டு இரத்தம் இருந்தாலே எத்தனாலை அளக்கும் நுட்பத்தை 1922-இல் அவர் வெளியிட்டார். சில சொட்டே போதும் என்றானதும் ஒரே ஆளை மணிக்கொரு தரம் அளக்க முடிந்தது. அப்படி அளந்தபோது ஒரு வினோதம் தெரிந்தது. இரத்தத்திலுள்ள பெரும்பாலான மருந்துகள் அதிகமாக இருக்கும்போது வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் வெளியேறும். எத்தனால் அப்படிச் செய்யவில்லை. மணிக்கு இவ்வளவு என்று ஒரே சீராக, கோடு கிழித்ததுபோல இறங்கியது. பலருக்கும் அது 100 மில்லி இரத்தத்துக்கு மணிக்கு 15 மில்லிகிராமையொட்டி இருக்கிறது.

காரணம் ஈரல். குடித்ததில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரல்தான் தீர்க்கிறது. ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடு ஆக்கும். இன்னொரு நொதி அதைக் காடியின் அமிலமாக்கும். கள்ளுப் பானையிலும் காவலர் கருவியிலும் நடக்கும் அதே மாற்றம் ஈரலுக்குள் இரவு முழுக்க நடக்கிறது. ஆனால் ஈரலில் நொதி அளவோடுதான் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கும் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஐம்பது வண்டி நின்றாலும் ஐந்நூறு நின்றாலும், கவுண்டரைக் கடப்பது நிமிடத்துக்கு இத்தனை என்பதுதான். பின்னால் நிற்பவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கவுண்டர் வேகம் கூடாது. காபி குடிப்பது ஹாரன் அடிப்பது. தூக்கம் கலையும், வரிசை நகராது. குளிப்பதும் அப்படித்தான். மோர் வயிற்றுக்கு இதம். எலுமிச்சையும் அவ்வளவே. தூங்கினாலும் விழித்திருந்தாலும் கவுண்டருக்கு ஒரே வேகம்.

மாமாவின் கணக்கை முடிப்போம். பதினோரு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஆறு மணி நேரம். மணிக்கு 15 வீதம் 90 தீர்ந்திருக்கும். மிச்சம் 45. சட்ட எல்லையைப் போல ஒன்றரை மடங்கு. தலைவாரி, திருநீறு பூசி, கலையாத சட்டையோடு ஸ்டியரிங் முன்னால் உட்காரும் அந்த மனிதர் அப்போதும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்தான். விமானிகளுக்கு நம் நாட்டு விதி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் குடிக்கக் கூடாது என்கிறது. டோல்கேட் கணக்கைப் பார்த்தால் அந்த 12 ஏன் என்று புரிகிறது.

"ஆனா நான் ஸ்டெடியாத்தானே இருக்கேன்?" என்று அவர் கேட்பார். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குத் தோன்றும். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

மூளை செல்களுக்கு இடையே அடக்கும் செய்திகளும் உண்டு, தூண்டும் செய்திகளும் உண்டு. எத்தனால் அடக்குவதைக் கூட்டும், தூண்டுவதைக் குறைக்கும். அப்படியானால் குடித்தவர் ஏன் உற்சாகமாகப் பாடுகிறார்? முதலில் மந்தமாகும் பகுதிகளில் ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல். 'வேண்டாம்', 'பொறு', 'இது சரியில்லை' என்று சொல்லும் பகுதி அது. வீட்டுப் பெரியவர் அசந்து தூங்கினால் பிள்ளைகள் கூத்தடிப்பதைப் போன்ற உற்சாகம் அது. உடம்பின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையும் தடுமாறுகிறது. கோட்டில் நடக்கச் சொல்லிச் சோதிப்பது அதைத்தான்.

1919-இல் ஆங்கிலேய விஞ்ஞானி எட்வர்டு மெல்லன்பி, நாய்களுக்கு எத்தனால் கொடுத்து ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். இரத்தத்தில் அளவு ஏறும்போது ஓர் எண்ணில் தெரிந்த தள்ளாட்டம், இறங்கும்போது அதே எண்ணில் அவ்வளவு தெரியவில்லை. மனிதரிடமும் இப்படியே. இறங்குமுகத்தில் 'தெளிந்துவிட்டது' என்ற உணர்வு சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆனால் தவறு செய்யாமல் இருக்கும் திறனும், சட்டென்று தன்னை நிறுத்திக்கொள்ளும் திறனும் அந்த வேகத்தில் மீள்வதில்லை என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. மனம் தெளிந்துவிட்டதாக அறிவித்துவிடும், கையும் காலும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

உட்காதிலும் ஒரு சாட்சி உண்டு. அங்கே உள்ள அரைவட்டக் குழல்களில் திரவமும், அதற்குள் தலையின் சுழற்சியை உணரும் மெல்லிய சவ்வும் இருக்கின்றன. எத்தனால் முதலில் சவ்வுக்குள் புகுந்து அதை இலேசாக்கும். படுத்தால் விட்டத்து மின்விசிறி போடாமலே சுற்றும். பல மணி நேரம் கழித்து, சவ்விலிருந்து எத்தனால் வெளியேறித் திரவத்தில் மட்டும் மிஞ்சும்போது அதே சுற்றல் எதிர்த் திசையில் திரும்பி வரும். விடிந்த பிறகும் தலை கிறுகிறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இதெல்லாம் சாலையில் எவ்வளவு பெரிய விஷயம்? 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிரேக்கில் கால் வைக்கக் கால் விநாடி தாமதித்தால் 4 மீட்டர், ஏறத்தாழ ஒரு சின்னக் காரின் நீளம். குறுக்கே வரும் சைக்கிள்காரருக்கு அந்த 4 மீட்டர் போதும், உயிர் போகவும் பிழைக்கவும்.

'விபத்து செய்தவர்களில் பலர் குடித்திருந்தார்கள்' என்று மட்டும் சொன்னால் அறிவியல் திருப்தி அடையாது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் எல்லோருமே குடித்திருந்தால்? போர்க்கென்ஸ்டைன் குழு 1962-63-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் இதற்கு விடை தேடியது. விபத்தில் சிக்கிய 5,985 ஓட்டுநர்களின் மூச்சை அளந்தார்கள். விபத்துகள் நடக்கும் அதே இடங்களில், வாரத்தின் அதே நாளில், அதே நேரத்தில், விபத்தின்றிப் போய்க்கொண்டிருந்த 7,590 பேரை நிறுத்தி அவர்கள் மூச்சையும் அளந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, 60 மில்லிகிராமில் விபத்தை உண்டாக்கும் வாய்ப்பு இரட்டிப்பானது. 100-இல் ஆறேழு மடங்கு. 150-இல் 25 மடங்கு. அளவு கூடக் கூட ஆபத்து கூடுவதில்லை, பாய்கிறது.

அந்த ஆய்வில் ஒரு முரணும் இருந்தது. மிகக் கொஞ்சம் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட விபத்து குறைவு என்பதுபோல வரைகோடு சற்றுக் கீழே இறங்கியது. 'ஒரு பெக் போட்டா நல்லா ஓட்டலாம்' என்பவர்களுக்கு அது கொண்டாட்டம். பின்னால் அதே தரவுகளை, எவ்வளவு அடிக்கடி குடிப்பவர் என்று பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பள்ளம் காணாமல் போனது. ஒவ்வொரு பிரிவிலும் குடிக்கக் குடிக்க ஆபத்து ஏறத்தான் செய்தது. வேறு வேறு மனிதர்களை ஒரே மூட்டையில் கட்டியதால் வந்த மயக்கம் அது.

சட்டங்களும் இப்படி எண்ணிலேயே எல்லை வைக்கின்றன. நார்வே 1936-இலேயே 50 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. பிரிட்டன் 1967-இல் 80 என்று வைத்தது. நம் எல்லை 30, அந்த எண்களைவிடக் கண்டிப்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைந்தது.

ஆனால் நாம் கருவியோடு நிற்கும் காவலரைப் பெரும்பாலும் இரவில்தான் பார்க்கிறோம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊதச் சொல்ல யாரும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் 'நான் ஓட்டலாமா?' என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது, இரவு முழுக்க எத்தனாலில் ஊறிய அதே மூளை. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கும் வழக்கு அது. தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்த முடிவை முதல் மடக்குக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அல்லது குடிக்காத இன்னொரு தலையிடம் ஒப்படைக்க வேண்டும்.

அன்று அதுதான் நடந்தது. ஹென்றியையும் விட்மார்க்கையும் அறியாத அத்தை, இரவு பத்து மணிக்கே மாமாவின் சட்டைப் பையிலிருந்த கார் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டார். ஐந்து மணிக்கு மாமா தலைவாரி இறங்கி வந்தபோது, அத்தையின் மூத்த மகன் ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று மாமா முணுமுணுத்தபடி இரண்டாவது காபியை வாங்கிக்கொண்டார்.

முகூர்த்தம் 9 மணிக்கு. கெட்டிமேளம் முழங்க மாமா அட்சதை தூவினார். கணக்குப்படி, அவருடைய டோல்கேட்டில் கடைசி வண்டி கடந்து அப்போது ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.